ஏழாம் பக்கம்

மன்றத்து மெஷின் மறுபடி படுத்துவிட்டதாம்.
பன்னிரண்டு செட், என்றார் என்சிக் ரம்லான்.
"ஏழாம் பக்கம் மட்டும் ஒரே நகல், தலைவருக்கு."

பக்கம் பத்துக் காசு. நான் எதையும் படிப்பதில்லை.
பிறப்புப் பத்திரம், மணவிலக்குத் தீர்ப்பு,
தோட்டத்தைத் துண்டு போட்டபோது
லயத்துக்கு வந்த காலி செய்யும் நோட்டீஸ்
எல்லாம் என் கண்ணாடியில் குப்புறப் படுத்தவைதாம்.
முகம் கீழே இருக்கும்வரை
எந்தத் தாளும் எனக்கு உறவில்லை.

மழை பிடித்தது. கட்டை நெஞ்சோடு அணைத்து
ரம்லான் எதிர்ப்பக்கம் ஓடினார்.
மூடியைத் தூக்கினால்
ஏழாம் பக்கம் அங்கேயே கிடந்தது.

லோட் 1184.
வேறெங்கோ இல்லை, இதோ எதிரே,
புதன்கிழமை இரவுச் சந்தை கூடும் திடல்.
பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கியது: ஒரு வரி.
ஒதுக்கீடு நீக்கப்பட்டது: அடுத்த வரி.
சதுர அடி நான்கு வெள்ளி.
வாங்கியது ஒரு செண்டிரியான் பெர்ஹாட்.
அதன் முகவரி எங்கள் கடைவரிசையில்தான்,
மூன்று வருடமாகப் பூட்டிக் கிடக்கும் மாடி அறை.
ஆணிக்கடை ஆ சூன்
அதன் கடிதங்களை வாங்கி ஒரு பெயிண்ட் வாளியில் போட்டு வைக்கிறான்.

அறிவிப்பு ஒட்டினார்களா? ஒட்டினார்கள்.
நோன்புப் பெருநாளுக்கு முந்தின மாலை,
மன்றத்துக் கண்ணாடிப் பலகைக்குள்,
கொசுப்புகை அடிக்கும் அட்டவணைக்குப் பின்னால்.
ஊர் திரும்பி வந்தபோது
ஆட்சேபம் சொல்லும் நாள் தாண்டியிருந்தது.
பலகைக்குப் பூட்டு உண்டு.
கண்ணாடியைத் தினமும் துடைத்துத்தான் வைத்திருந்தார்கள்.

கால்குலேட்டரை எடுத்தேன்.
சிங்காரவேலுவின் வடைக்கடை பத்துக்கு எட்டு.
எண்பது அடி. முந்நூற்று இருபது வெள்ளி.
மன்றத்துக்கு வாரம் ஐந்து வெள்ளி, பத்தொன்பது வருடம்:
நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது.
அந்த மண்ணை அவர் பதினைந்து தடவை வாங்கிவிட்டார்.
ஒரு தடவைகூட அவருக்கு அது தெரியாது.

தமிழ்ப்பள்ளியில் படித்த சொல், ஒளிநகல்.
வெளிச்சத்தால் எடுக்கும் நகல் என்று எழுதிப் போட்டார்கள்.
இன்றைக்குத்தான் உறைத்தது,
ஒளி என்றால் மறைத்து வை என்றும்தானே.
இரண்டுக்கும் ஒரே பச்சைப் பொத்தான்.

டிசம்பரில் என் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும்.
அதையும் அதே மன்றம்தான் தரும்.
விரல் அந்தரத்தில் நின்றது.
வெகுநேரம் என்றால் பொய்,
செம்பனைக் குலை ஏற்றிய ஒரு லோரி
கடையைக் கடக்கும் நேரம்.

ரம்லான் நனைந்து திரும்பியபோது
தாளை உறையிலிட்டு நீட்டினேன்.
"நகல் ஏதும்...?"
"மெஷின் சூடாகிவிட்டது, என்சிக்."
குனிந்து எண்காட்டியைப் பார்த்தார்.
காலையில் அவர் பார்த்ததைவிட முந்நூறு கூடுதல்.
ஒரு வெள்ளித் தாளை வைத்தார்,
மீதி வாங்காமல் போனார்.

புதன் இரவு.
வடை மடிக்கப் பழுதான நகல்களைச் சிங்காரவேலு
என்னிடம்தான் வாங்குவார்.
இந்த வாரக் கட்டு கொஞ்சம் கனம்.
சட்டியிலிருந்து வடை இறங்க, எண்ணெய் ஊற ஊற
தாள் கண்ணாடியானது.
பின்பக்கமிருந்தும் எழுத்துத் தெரிந்தது,
நான்கு வெள்ளி, நான்கு வெள்ளி.
பால்வெட்டு முடித்து வந்த ஒருத்தி
பல்புக்கு நேரே பிடித்து வாசித்தாள்.
மீன் விற்கும் கக் நோரா
தன் பத்தடியைச் சத்தமாகப் பெருக்கினாள்.
ஆ சூன் கடையை அரைக்கதவு சாத்திவிட்டு
பெயிண்ட் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

ரம்லானும் வந்தார். மூன்று பருப்பு வடை.
இரண்டைத் தின்றார்.
மூன்றாவதை இடதுகையில் வைத்துக்கொண்டு
தாளைத் தொடைமேல் நீவி நீவி நிமிர்த்தினார்.
நான் மிளகாய்ச் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பன்னிரண்டு வடை கட்டு," என்றார் சிங்காரவேலுவிடம்.
"ஆபீசுக்கு.
தனித்தனித் தாளில்."