கெடிலத்துக்கு விட்ட இடம்

மாடி அறை பதினோரு அடிக்கு ஒன்பது.
ஒரு பீரோ. அதன் கதவு முழுசாகத் திறக்க வேண்டும்,
அது வசுமதியின் முதல் நிபந்தனை.
ஜன்னலை மறைக்கக் கூடாது என்பது இரண்டாவது.
மூன்றாவதை இன்னும் சொல்லவில்லை.

எண்பத்தேழில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டால்
திருப்பாதிரிப்புலியூர் பிளாட்பாரம் மட்டுமே
சுவரைத் துளைத்து வெளியேறி
எதிர்வீட்டு முருங்கையில் போய் முடிகிறது.
ஆகவே வெட்ட வேண்டும்.
பெட்டிகள் நான்கு போதும்.
விருத்தாசலத்துக்குப் பிரியும் கிளை
பீரோவில் முட்டி நிற்கட்டும்.
வரகால்பட்டை அப்படியே விட்டுவிட்டேன்.
அந்த ஊர்க்காரர் ஒருவர் எங்கள் ஆஸ்பத்திரியில் வார்டுபாய்;
இரண்டு நாளாக அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

திட்டத்தை எக்ஸ்ரே ஃபிலிமில் வரைகிறேன்.
பெயர் அழிந்துபோன பழைய படங்கள்.
வெளிச்சப் பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால்
மேலே என் தண்டவாளம், கீழே யாரோ ஒருவரின் விலா.
ஸ்லீப்பர் கட்டைகளை எண்ணும்போது
சில சமயம் எலும்பையும் சேர்த்து எண்ணிவிடுகிறேன்.

வளைவுதான் தொல்லை.
ஆரம் பதினெட்டு அங்குலத்துக்குக் குறைந்தால்
நீளப் பெட்டிகள் தோளோடு தோள் இடிக்கும்,
பஸ் ஸ்டாண்டில் ஒரே சீட்டுக்கு ஓடுகிறவர்கள் மாதிரி.
ஆணியில் நூல், நூல் முனையில் சாக்பீஸ்,
தரையில் வட்டம் போட்டேன்.
காலையில் பார்த்தால் வசுமதி அறையைப் பெருக்கியிருந்தாள்,
வட்டத்தை மட்டும் விட்டு.

லூர்துநாதன் வந்து அளந்தார்.
பன்னிரண்டு மில்லி பிளைவுட், அடியில் சட்டம்,
அடிக்கு ஒரு குறுக்குக்கட்டை.
"யார் படுக்க?" என்றார்.
ரயில் படுக்க, என்றேன்.
"அப்ப அடிப்பக்கமும் சேத்து ரெண்டு கோட் வார்னிஷ் அடிங்க.
தானே புயலுக்கப்புறம் இந்த ஊர்ப் பலகை
எதையும் மறக்க மாட்டேங்குது."

வாடகை வீடு. அதனால் நான்குக்கு இரண்டாகத் துண்டுகள்;
மாடிப்படித் திருப்பத்தில் இறங்க வேண்டும்,
என்றைக்காவது குட்டியானையில் ஏற வேண்டும்.
மூலையில் மட்டும் அகலம் முப்பது அங்குலம்,
என் கை எட்டும் தூரம்.

அப்போதுதான் மூன்றாவதைச் சொன்னாள்.
"நைட் டூட்டி அன்னைக்கு நான் ஓட்டுவேன்ல,
அந்த மூலையில வண்டி கவுந்தா யார் எடுக்கறது?"
கையை நீட்டினாள். டேப்பைப் பிடித்தேன்.
தோளிலிருந்து நடுவிரல் நுனி வரை
இருபத்தைந்து.
ஐந்து அங்குல நிலத்தை அழித்தேன்:
ஒரு குட்ஷெட் போயிற்று, பின்னால் நின்ற வேம்பும்.

மிச்சம் வாசல்.
இரண்டே முக்கால் அடி.
அங்கே பலகை வைத்தால் நாங்கள் உள்ளே வர முடியாது,
வைக்காவிட்டால் ரயில் சுற்றி வர முடியாது.
மூன்று இரவு தூக்கம் கெட்டது.
லாரன்ஸ் ரோடு சுரங்கப்பாதையில்
முழங்கால் தண்ணீரில் ஸ்கூட்டரைத் தள்ளும்போது தெரிந்தது,
அது கெடிலம்.
வாசலில் ஆறு. மேலே தூக்கி மடக்கும் பாலம்.
உள்ளே வருகிற யாரும் ஆற்றில் இறங்கித்தான் வர வேண்டும்.
ஆற்றை நான் செய்யவே வேண்டாம்,
ஒன்றும் வைக்காமல் விட்டால் போதும்.
வருஷத்தில் பத்து மாசம் அசலும் அப்படித்தான்.

நேற்று சாயங்காலம் சொல்லாமல் கொள்ளாமல் மழை.
கொடியில் இருந்த துணிகளை வாரிக்கொண்டு
வசுமதி ஓடி வந்தாள்,
பலகை இல்லாத அந்த இடைவெளி வழியாக,
ஈரக்காலோடு.
தரையில் தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றது.
மிதியடியைக் காலால் இழுத்தவள்
என் முகத்தைப் பார்த்துவிட்டு
அப்படியே விட்டாள்.

கீல் வாங்க வேண்டும், பித்தளையில்.
இரும்பு இங்கே ஒரு மார்கழி தாங்காது.