உராய்வைப் புறக்கணிக்கவும்

வல்பரைசோவில் இரவுப் பள்ளி விட்டு வந்து
அடுப்பங்கரை மேசையில் கணக்கோடு உட்கார்ந்தாள் ஒதிலியா.
முப்பது பாகைச் சரிவு. ஐந்து கிலோ கட்டை.
உராய்வைப் புறக்கணிக்கவும்.

எப்படி?
பகலெல்லாம் பணிமனையில்
தேய்ந்த பிரேக் கட்டைகளைக் கழற்றி
புதிது மாட்டிய கை இது.
உராய்வுதான் அவளுக்குச் சம்பளம்.
இந்த ஊரில் சமதளம் என்று இருப்பது
கடல் மட்டும்தான்.

சரி, போய்த் தொலையட்டும்.
சைன் முப்பது, அரை.
ஒன்பது புள்ளி எட்டில் பாதி
நான்கு புள்ளி ஒன்பது.
அந்த ஐந்து கிலோ
நடுவழியில் அடிபட்டே போயிற்று.
கடைசிப் பக்கத்து விடையும் அதுவே.

விளக்கை அணைக்கப் போனவள்
திரும்பி வந்து
விடைக்குக் கீழே கிறுக்கினாள்:
கீழே யார் வீடு?

பக்கத்தின் ஓரத்தில்
கழுவியும் போகாத கருப்பில்
ஒரு கட்டைவிரல்,
அழுத்தமாக.