பதினாறு சுற்று

பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சந்தில்
சாக்கு விரித்துப்
பதினோரு கத்தி வைத்திருந்தேன் அன்றைக்கு.
எல்லாம் லத்தேரிப் பட்டறையில்
லாரிப் பட்டையை அடித்து எடுத்தது.
பிடி மட்டும் என் கைவேலை.

வங்காளத்துக்காரர். பாலிதீன் பையில் மீன்.
லாட்ஜில் சமையல், சம்சாரம் வார்டில்.
இதெல்லாம் அவர் சொல்லவில்லை.
இந்தச் சந்தில் கத்தி வாங்குகிறவர்களுக்கு
ஏறக்குறைய இதே கதைதான்.
கட்டைவிரலில் பிளாஸ்திரி.
மீன் அறுத்துப் பழகாத கை.

கத்தியைக் கையில் கொடுக்கமாட்டேன் நான்.
சாக்கின் மேல் வைத்தேன், எடுத்துக்கொண்டார்.
நூற்றெண்பது.

வைகாசி கடைசியில் திரும்பி வந்தார்,
பிடி வாய் பிளந்து.
ராத்திரியெல்லாம் வாளியில் ஊறிப்
பகலெல்லாம் மொட்டைமாடியில் காய்ந்திருக்கிறது.
வேலூர் வெயிலுக்கு
வாகைக் கட்டையே படீரென்னும்,
இது வேம்பு.
புதுசு எடுத்துக்கோங்க என்றேன்.
கத்தியை விடவில்லை அவர்.

விரிசலை ஊசியால் சுரண்டினேன்.
இழைப்புத் தூளைப் பசையில் குழைத்து
நகத்தால் அழுத்தி அடைத்தேன்.
மோட்டார் காயில் கம்பி, பதினாறு சுற்று.
கழுத்தில் பித்தளைப் பூணைத் தட்டி இறக்கினேன்.
அதுவரை குந்தியிருந்து பார்த்தவர்
"எத்தனை நாள்?" என்றார்.
தமிழ்தான்.
வார்டு வாசலில் கேட்டுக் கேட்டு வந்த தமிழ்.

தண்ணியில போடாதீங்க,
எண்ணெய் தடவுங்க.
காற்றில் தடவிக் காட்டினேன்.
நாள் கணக்கு எனக்கென்ன தெரியும்.

லாட்ஜைக் காலி செய்கிறவர்கள்
சாமானை விட்டுவிட்டுத்தான் ரயில் ஏறுவார்கள்.
குக்கர், வாளி, பாய், கத்தி.
ரூம் பையன் தனசீலன்
மாதம் ஒரு மூட்டை கொண்டுவருவான்,
மொத்தமாகப் பேசி எடுப்பேன்.
ஐப்பசி மூட்டைக்குள் கைவிட்டபோது
கம்பி தட்டுப்பட்டது.
எண்ணினேன். பதினாறு.

பிடி கறுத்து வழவழவென்றிருந்தது.
விரிசல் எங்கேயென்று தேட வேண்டியிருந்தது.
முகர்ந்தேன். கடுகெண்ணெய்.
ஒரு நாள்கூட விடாமல் தடவியிருக்க வேண்டும்.

அவங்க எப்படிப் போனாங்க
என்று கேட்க வாயெடுத்தேன்.
தனசீலன் சில்லறைக்கு நின்றுகொண்டிருந்தான்.
நல்லபடியாகப் போகிறவர்களும்
இப்படித்தான் விட்டுப்போவார்கள்,
வாளி கவிழ்ந்தது கவிழ்ந்தபடி.
சில்லறையைக் கொடுத்தேன்.

சாக்கில் கடைசியாக வைத்தேன்.
தொண்ணூறு ரூபாய்.
மத்தியானம் ஒரு அம்மாள்
எடுத்துப் பிடித்துப் பார்த்து
பிடி நல்லாருக்கு, என்னம்மா வாடை இது என்றாள்.
எண்ணெய்தான்.
கீழே வைத்துவிட்டு
வேறொன்று எடுத்துக்கொண்டாள்.