விலைப்பலகை

முன்பெல்லாம் இந்தப் பலகையில்
உருளைக்கிழங்கின் விலை இருக்கும்.
மட்டிக்கு ஒரு வரி, விறகுக்கு ஒரு வரி.
மார்ச் கடைசியில் மருத்துவ நிலையத்து வயர்லெஸ்
"தினமும் எண்ணை எங்காவது எழுதிப் போடுங்கள்" என்றது.
தீவில் எல்லாச் சுவரும் மரச்செதில்,
எல்லாச் செதிலும் ஈரம்.
என் கடைத் தாழ்வாரத்தில் மட்டும்தான்
சாக்கட்டி எழுதும்.

ஏழு மாதம் பூஜ்யம் எழுதினேன்.
ஒரு நாள் முட்டை மாதிரி வரும்,
ஒரு நாள் நசுங்கிய வாளி மாதிரி.
பள்ளிக்கூடம் இல்லாத பிள்ளைகள் வந்து
கண்ணும் மூக்கும் வரைந்துவிட்டுப் போவார்கள்.
"நம்மைக் கடல் காக்கிறது" என்றார் பவுதிலியோ.
அதே கடல் அவருடைய இரண்டு படகுகளை வாங்கி வைத்துக்கொண்டு
இன்னும் திருப்பித் தரவில்லை.

நவம்பரில் ஒன்று.

ஒன்றுக்கு ஒரு கோடு போதும்.
கோட்டை இழுத்து முடிப்பதற்குள்
பின்னால் நின்றவர்கள் பெயரைச் சொல்லிவிட்டார்கள்:
ரோசமெல். சால்மன் ஆலையிலிருந்து லீவில் வந்தவன்.
முந்நூற்றுப் பத்துப் பேர் உள்ள ஊரில்
புள்ளிவிவரம் என்று ஒன்று கிடையாது.
நாடு முழுக்க இன்று ஆயிரத்துச் சொச்சம் என்று
சாந்தியாகோ ரேடியோ சொன்னது,
ஒருவரும் நிமிரவில்லை.
இந்த ஒன்றுக்கு
நாய்களைக்கூடக் கட்டிப்போட்டோம்.

அவன் அம்மா ஒர்ஃபெலினா மாவு வாங்க வந்தாள்.
நான் இல்லை என்று சொல்லவில்லை. அது என் நியாயம்.
ஜன்னல் வழியாக நீட்டினேன், மண்வாரியில் வைத்து.
அடுப்புச் சாம்பல் அள்ளுகிற மண்வாரி.
காசை வினிகர்க் குவளையில் போடச் சொன்னேன்.
ஒவ்வொன்றாகப் போட்டாள்,
ஒவ்வொன்றும் அடியில் போய் உட்காரும்வரை பார்த்தாள்.
அன்றிரவு அவள் வேலிக்கதவை
யாரோ வெளியிலிருந்து கம்பி சுற்றிக் கட்டியிருந்தார்கள்.
யாரென்று எனக்குத் தெரியும்.
கம்பி என் கடையில் வாங்கியது.

பிறகு நான்கு. பிறகு ஒன்பது.
ஒன்பதில் ஒருவரைப் புதைத்தோம்.
எட்டு என்று மாற்றவா என்று வயர்லெஸ்ஸில் கேட்டேன்,
அந்தப் பக்கம் வெகுநேரம் வெறும் இரைச்சல்.
பதினொன்று எழுதிய நாளில்
கடைசி ஒன்று நான்.
காய்ச்சலோடு எழுதினேன், கோணலாக.
பெயர் சொல்லப் பின்னால் யாரும் நிற்கவில்லை.

பிப்ரவரியில் ஊசிப் படகு.
நீலப் பெட்டியை வயிற்றோடு அணைத்து
மழையை முதுகில் வாங்கிக்கொண்டு இறங்கினாள் நர்ஸ் யெசெனியா.
"குப்பியைத் திறந்தால் ஆறு மணி நேரம். ஆறு பேர்."
கடைசிக் குப்பிக்கு ஐந்து பேர்
தேவாலய வாசலில் சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு நிற்க,
ஆறாவது தோளைத் தேடித் தீவையே சல்லடை போட்டோம்.
பவுதிலியோ மாட்டுக்கொட்டகையில் ஒளிந்திருந்தார்.
"முதலில் என் காளைக்குப் போடு."
"காளையின் அடையாள அட்டை எண் சொல்லுங்கள்,
பதிந்துகொள்கிறேன்" என்றாள் யெசெனியா.
சிரித்துத் தொலைத்தார் கிழவர்.
சிரித்த நேரத்தில் பொத்தானைக் கழற்றிவிட்டாள்.

இப்போது பலகையில் இரண்டு எண்கள்.
இடது பக்கம் நோய், வலது பக்கம் ஊசி.
வலது எண் இருநூற்று நாற்பதைத் தாண்டிய அன்று
கைதட்டுவார்கள் என்று நினைத்தேன்.
"மிச்சம் யார் யார்?" என்றார்கள்,
ரோசமெல் பெயரைச் சொன்ன அதே குரலில்.
எனக்குத் தெரியும்.
சாக்கட்டித் தூள் தொண்டையில் போனதுபோல் இருமினேன்.
இருமியதும் இரண்டடி பின்னால் போனார்கள்.

நேற்று ஒர்ஃபெலினா ஈஸ்ட் வாங்க வந்தாள்.
கதவு திறந்துதான் இருந்தது,
உள்ளே வா என்றேன்.
வந்தாள். மழையைப் பற்றிப் பேசினாள்,
ரோசமெல்லுக்கு இன்னும் வாசனை தெரியவில்லையாம்,
ரொட்டி கருகினால்கூட.
வினிகர்க் குவளை கல்லாப்பெட்டி பக்கத்திலேயே இருக்கிறது,
மாதக்கணக்காய்க் காலியாக,
எடுத்து வைக்கத் தோன்றாமல்.
காசுக்கு நான் கையை நீட்டினேன்.
அவள் கையைப் பார்க்கவில்லை.
ஒவ்வொன்றாக,
குவளைக்குள் போட்டாள்.