வருகைப் பதிவேடு

மூன்று நாள் மழை. பெரும்பாக்கம்.
அடித்தளக் கார் நிறுத்தத்தில் கணுக்கால் தண்ணீர்.
விடிய இன்னும் நேரமிருக்கையில்
சி-பதினாலு கட்டத்துக்குள்
ஒரு நீலத் தாழைக்கோழி
நீள்விரல்களைத் தூக்கித் தூக்கி வைத்து
மிதக்கும் ஒற்றைச் செருப்பைக் கொத்திப் பார்க்கிறது.

காவலாளி தணிகாசலம் டார்ச்சை அணைத்தார்.
யார் வந்தாலும் எழுதணும், செக்ரட்டரி உத்தரவு.

பெயர்: நீலக்கோழி.
வண்டி எண்: ஒரு கோடு.
யாரைப் பார்க்க:
கொஞ்சம் யோசித்து, கோரைப்புல்.
எங்கிருந்து:
பேனா நின்றது.

இதே இடத்தில் குழி தோண்டியபோது
மண் லாரிகளுக்கு டோக்கன் கிழித்துத் தந்தவர் அவர்தான்.
ஈரம் சொட்டச் சொட்டப் போயின, நானூறு நடை.

'இங்கேதான்' என்று எழுதி
அடித்தார்.
மறுபடி எழுதினார்.

வெளியேறிய நேரம் இன்னும் காலி.
எங்கோ மேலே லிஃப்ட் கிளம்பும் சத்தம்.
எட்டு மணிக்கு மோட்டார் வருகிறது,
தண்ணீர் இறைக்க.