இரண்டு நடுவர்கள்

ஹேண்ட்பாலுக்கு நடுவர்கள் இரண்டு பேர்.
ஒருவர் கோல் கோட்டருகே, ஒருவர் களத்தின் நடுவில்;
பந்து திரும்பினால் நாங்களும் இடம் மாறுவோம்.
பதினான்கு வருஷம் ஸ்டெய்ன்வொரும் நானும்
மாறி மாறி ஓடினோம்.
ஒரே முகத்தின் இரண்டு கண் என்று
சங்கத்தில் யாரோ ஒருமுறை சொன்னார்கள்.
அப்போது அது பாராட்டு.

அகுரெய்ரி, ஜனவரி.
எட்டு நிமிஷம் பாக்கி, ஆட்டம் சமநிலை.
அவளுக்கு மூன்றடி முன்னால் எழும்பிக் குதித்தவனின்
ஓங்கிய கையை மேலேயே பிடித்து இழுத்தான் ஒருவன்.
குதித்தவன் விழுந்தான்.
விசில் வரவில்லை.

"கண்ணு அவிஞ்சுபோச்சா?"
நடுவரைப் பார்த்து உலகமெங்கும் கேட்கிற கேள்வி.
காலணிக்குள் புகுந்த மணல் மாதிரி
அதை உதறிவிட்டுப் போகிறவள்தான் அவள்.
அன்று மட்டும் உடை மாற்றும் அறையில்
விசிலின் கயிற்றைச் சுற்றிக்கொண்டே கேட்டாள்:
"ஹ்யோர்வார், அங்கே கை இருந்ததா?"

இருட்டு எதுவும் தெரியவில்லையாம்.
கை இருந்த இடத்தில்
சுவரின் மஞ்சள், மீன் நிறுவனத்தின் விளம்பரம்,
எல்லாம் சரியாக, தையல் தெரியாமல்.

லென்ஸின் விளிம்பில் வெள்ளைத் துகள்,
கண்ணுக்குள் பொடுகு மாதிரி.
எங்கள் ஊரில் வயதானால் பலருக்கு வரும் என்றார் டாக்டர் ரக்ன்ஹெய்தூர்.
துகள் போய் வடிகாலை அடைத்தது, அழுத்தம் ஏறியது.
அழுத்தம் மட்டும் குற்றவாளி இல்லை என்று சொல்லி
மருந்துச் சீட்டின் பின்புறம் வரைந்தார்:

கண்ணின் பின்சுவர். நரம்பு வெளியேறும் வாசல்.
அங்கே கடுகளவு சல்லடை ஒன்று.
பத்து லட்சம் நரம்பிழைகள்
அதன் ஓட்டைகளில் நுழைந்துதான் மூளைக்குப் போகின்றன.
சல்லடை வெறும் இணைப்புத் திசு.
அதற்குப் பார்க்கத் தெரியாது. தாங்கத் தெரியும்.
இந்த நோயில் அந்தத் தாங்கலும் தளர்கிறது.

"கோல் வலை," என்றாள் ஸ்டெய்ன்வொர்.
"பந்து பட்டதும் பின்னால் புடைக்குமே."
"ஆமாம். ஆனால் பந்து இருபது வருஷம்
வெளியே வராமல் அங்கேயே அழுத்திக்கொண்டிருந்தால்?"

வலை பின்னுக்கு வளையும்.
ஓட்டைகள் கோணலாகும். இழைகள் நசுங்கும்.
மேலும் கீழும்தான் ஓட்டைகள் பெரிது, சட்டங்கள் மெலிது;
கீழே தளர்ந்தால் காட்சியில் மேற்பக்கம் போகும்.
(இதை மட்டும் இரண்டு முறை சொல்ல வைத்தேன்.)

முதலில் கெட்டது வலது கண்.
அது தவறவிட்டதையெல்லாம் இடது பார்த்துக்கொண்டது,
புகார் எழுதவில்லை, சம்பளம் கேட்கவில்லை.
பிறகு இடதிலும் துகள்.
டாக்டர் இதைச் சொன்னபோது
எங்கள் இருவருக்கும் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகம் வைத்து
ஒளிப்புள்ளி தெரிந்தால் பொத்தானை அழுத்தும் சோதனை.
பயத்தில் எல்லோரும் தெரியாததற்கும் அழுத்துவார்களாம்.
அவளுடைய தாளில் பொய் அழுத்தல்: பூஜ்யம்.
பார்க்காததற்கு விசில் ஊதாதவள்.

அன்றிரவே சங்கத்துக்கு எழுதினாள்:
"ஐம்பத்திரண்டாம் நிமிஷம். ஃபவுல் இருந்தது.
நான் பார்க்கவில்லை.
பார்க்கவில்லை என்பதையும் பார்க்கவில்லை."
ஆட்ட முடிவை மாற்ற முடியாது, நன்றி,
என்று பதில் வந்தது, பெயரில் எழுத்துப் பிழையோடு.

சொட்டு மருந்து இரவு ஒன்பதுக்கு.
போனது திரும்பாது; இருப்பதைக் கட்டிப்போடலாம்.
நான் இப்போது வேறொருவனோடு ஓடுகிறேன்.
நல்ல பையன், கொஞ்சம் அதிகமாக ஊதுவான்.
அவள் நேரக் காப்பாளர் மேசையில்.
சுவர்க் கடிகாரம் தெரிய
முகவாயைத் தூக்கித்தான் பார்க்க வேண்டும் அவளுக்கு.
பார்வையாளர் வரிசையில் ஒருவர் பக்கத்தில் சொல்கிறார்,
"அந்தம்மாவுக்கு என்ன திமிர் பார்."