தடியன்

'அ'வை முதலில் வரைந்தது
காசிமேட்டில், ஐஸ் பெட்டி மூடியில்,
தடித்த மார்க்கரில்.
வயிறு முட்டத் தின்றுவிட்டுச்
சுவரில் சாய்ந்த ஆள் மாதிரி வந்தது.
அழித்து மறுபடி போட்டேன்.
இன்னும் கொஞ்சம் பெருத்தது.
சரி, இரு என்று விட்டுவிட்டேன்.

பிறகு வந்ததெல்லாம் அதன் சொந்தக்காரர்கள்.
'க' இடுப்பில் கை வைத்து நின்றது.
'ழ' வால் சுருட்டிப் படுத்தது.
ஆய்தத்துக்கு மூன்று கேரம் காய்,
மூன்றும் ஒரே அளவில்லை.
மெய்யின் புள்ளிகளைச் சற்றே வெளியே தள்ளினேன்,
படிக்கட்டில் தொங்குகிறவன் தலை போல.

கொம்பையும் காலையும் தனித்தனியே வரைந்தால்
கம்ப்யூட்டரே கோத்துக்கொள்ளும்.
'கு', 'கூ' வரிசைக்குத்தான் யாரும் உதவிக்கு வரமாட்டார்கள்.
ஒவ்வொன்றாக, ராத்திரி ராத்திரியாக,
துறைமுகத்து லாரிகள் ஹாரன் அடிக்க அடிக்க.

பெயர் தடியன்.
ஒரே எடை. ஒல்லித் தம்பி கிடையாது.

முதல் போணி வேதமுத்துவின் அத்தோ வண்டி.
'த்தோ' தட்டில் இருந்து வழிந்தது.
அப்புறம் வியாசர்பாடிப் பெண்கள் ஃபுட்பால் டீம்:
கோல்கீப்பர் செங்கொடி முதுகில்
அக்குள் முதல் அக்குள் வரை செங்கொடி.
எண்ணூரில் ஒரு அட்டை,
'சாம்பலை இங்கே கொட்டாதே'.
இன்ஸ்பெக்டர் சொன்னார்,
"இன்னாம்மா, சினிமா டைட்டிலா?"
சொல்லிவிட்டு இரண்டாம் தரமும் படித்தார்.

ஒரு மெடிக்கல் ஷாப்காரர்
மாத்திரை கவரில் பொடியாக அச்சடித்தார்.
ஓடிப்போய் நிறுத்தினேன்.
சின்ன அளவில் தடியனுக்கு மூச்சு முட்டும்,
'ன'வும் 'ண'வும் ஒரே கட்டி மையாகும்,
காலை எது இரவு எது என்று தெரியாது.
இவனுக்குச் சுவர் வேணும் சார்,
குறைந்தது ஒரு ஷட்டர்.

போன மாதம் தண்டையார்பேட்டையில்
சுவர் கிடைத்தது.
'கண்ணீர் அஞ்சலி. எத்திராஜ், வயது 61.'
தடியனில்.
சுபானியின் பிரஸ்ஸுக்குச் சண்டைக்குப் போனேன்:
சிரிக்கிற எழுத்தை எழவுக்கு எவன் போட்டது?
"நான்தான்" என்றாள்
பில்லுக்குக் காசு எண்ணிக்கொண்டிருந்தவள்.
"மத்த எழுத்துல போட்டா
யாரோ ஆபீசர் செத்த மாதிரி இருக்கு.
எங்கப்பா மீன் லோடு ஏத்துனவரு,
வண்டி நெறஞ்சுதான் உக்காருவாரு."

'லி'யின் வால் ரொம்பத் துள்ளுகிறதே,
ஒரு ராத்திரி கொடு, இறக்கித் தருகிறேன் என்றேன்.
பதில் சொல்லாமல்
இருபது ரூபாய் குறைகிறது என்று
மறுபடி முதலில் இருந்து எண்ணினாள்.

சாயங்காலம் அந்த வழியே வந்தபோது
ஒரு ஆடு
பசை ருசிக்குச் சுவரோடு ஒட்டி நின்று
'கண்ணீரை' முழுசாகத் தின்று முடித்திருந்தது.
'அஞ்ச'வும் போய்விட்டது.
பாக்கி இருந்தது 'லி',
வாலைத் தூக்கிக்கொண்டு,
அதன் கீழே எத்திராஜ்,
வண்டி நிறைய.